மீனம்பாக்கத்தில் எத்தனை பேர் இருந்தால் போதும்? ஷிஃப்ட், ரோஸ்டர், ஆள் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள், சேர நினைப்பவர்கள், அவர்கள் வீட்டார், வரிசையில் நின்று அலுத்த பயணிகள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போடும் மேசைப் பக்கமிருந்து எழுதியதால் அந்தப் பக்கத்துச் சாய்வு கொஞ்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுக்கிறார்கள், வேலை நடக்கிறது. இதில் திட்டமிட என்ன இருக்கிறது?

சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. விடியற்காலை 3 மணிக்கு, குறிப்பிட்ட ஒரு விமானத்தின் கீழே, அந்த வேலைக்கான பாஸும் பயிற்சியும் உள்ளவர்கள், தூங்கி எழுந்த கண்களோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கு சரியாக இருக்கும்போதே இரண்டாவது கணக்கு இடிக்கும். கூட்டத்தில் "நமக்கு ஆள் போதுமான அளவு இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த மணிக்கு, எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பாதி நேரம் பதில் வராது.

அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரே நிர்வாகத்தின் ஆட்களா?

இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பம். நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தீயணைப்புப் பிரிவும் அதன் ஆட்கள். உடல் சோதனை, பைச் சோதனை, வாசல் காவல் எல்லாம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். குடியேற்றப் பிரிவும் சுங்கமும் ஒன்றிய அரசின் வெவ்வேறு துறைகள். வானிலை சொல்வது இன்னொரு துறை. செக்-இன் கவுண்டரில் இருப்பவர் விமான நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம், தரைப் பணி நிறுவனத்தின் ஊழியராகவும் இருக்கலாம். பெட்டி ஏற்றும் லோடர், டிராக்டர் ஓட்டுநர், எரிபொருள் நிரப்புபவர், சாப்பாடு கொண்டுவருபவர், கழிவறை துடைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறுவனம், அதற்குக் கீழே ஓர் ஒப்பந்தக்காரர்.

இத்தனை பேரும் தனித்தனியாக ரோஸ்டர் போடுகிறார்கள். ஒரு விமான நிறுவனம் கவுண்டரில் கூடுதலாக நாலு பேரை நிறுத்தி வரிசையை வேகமாக நகர்த்தினால், அந்தக் கூட்டம் அப்படியே பாதுகாப்புச் சோதனையில் போய்க் குவியும். அங்கே கூடுதல் ஆள் போடவேண்டியவர் இவர்களோடு பேசியிருக்கவே மாட்டார். என் கருத்தில், சென்னையில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைவிட, இருக்கும் ரோஸ்டர்களை வாரம் ஒருமுறை ஒரே மேசையில் விரித்து ஒப்பிட்டுப் பார்ப்பது அதிகப் பலன் தரும். செலவும் டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும்.

ஒரு இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அதற்கு மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். சரிதானே?

தவறு. அடிக்கடி நடக்கும் தவறும்கூட. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஓர் இடத்துக்கு, 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் ஆண்டுக்கு 1,095 ஷிஃப்ட். ஒருவருக்கு ஆண்டில் 365 நாள். வார விடுமுறை 52 போனால் 313. பண்டிகை, தேசிய விடுமுறை 10 என்று வைத்தால் 303. சம்பளத்தோடு கூடிய விடுப்பு 30 போனால் 273. பயிற்சி, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று இன்னொரு 13 போனால் 260. 1,095-ஐ 260-ஆல் வகுத்தால் 4.2 வரும்.

அதாவது ஒரு இடத்துக்கு மூன்று பேர் அல்ல, நாலு பேருக்கும் மேல். சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் போகும்போது மாற்றிவிடும் ரிலீவரையும் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். எக்ஸ்ரே திரை பார்க்கும் வேலையில் இது இன்னும் ஏறும். ஒரே ஆள் 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து திரையைப் பார்க்கக்கூடாது என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கும் வழக்கம். அதற்குமேல் பார்த்தால் கண் திரையில் இருக்கும், கவனம் இருக்காது.

ஒப்பந்தப் புள்ளி கோரும்போது 3 என்று போட்டுவிட்டு, மீதி 1.2 ஆளை டபுள் டியூட்டியில் ஈடுகட்டும் நிறுவனங்கள் உண்டு. தாளில் செலவு குறைவாகத் தெரியும். அந்த இடைவெளியை யாரோ ஒருவருடைய தூக்கம் நிரப்பிக்கொண்டிருக்கும்.

சென்னையில் கூட்டம் எந்த நேரத்தில்?

ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்துபோகும் நிலையம் இது. ஆனால் இந்த எண்ணை நாளுக்கும் மணிக்கும் சமமாகப் பிரித்தால் பயனில்லை. கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க ஆயிரம் பேர் சாப்பிடுவார்கள் என்பது பரிமாறுகிறவருக்கு உதவாது. முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இங்கே பந்தி இரண்டு. நள்ளிரவை ஒட்டி வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று பன்னாட்டு விமானங்கள் அடுத்தடுத்து வரும், போகும். அது ஓயும்போதே உள்நாட்டுக் காலைக் கூட்டம் தொடங்கிவிடும். டெல்லிக்கும் மும்பைக்கும் போய் ஒரே நாளில் வேலையை முடித்துத் திரும்ப நினைப்பவர்கள் எல்லாரும் அதிகாலை விமானத்தையே பிடிப்பார்கள். ஆக, மனித உடல் தூங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் 2 மணியிலிருந்து 6 மணிவரை இங்கே ஆள் தேவை குறைவதில்லை.

விமான அட்டவணை ஆண்டில் இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு ஒன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்று. அந்த இரண்டு மாற்றத்துக்கும் சில வாரம் முன்பே புது ரோஸ்டர் தயாராக வேண்டும். அக்டோபர் மாற்றம் தீபாவளி, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் ஒட்டியே வரும் என்பது நம்மூருக்கென்று வாய்த்த கூடுதல் தலைவலி.

கொஞ்சம்தான் கூட்டம் கூடியது. வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது?

நல்ல கேள்வி, இதற்கு நூறாண்டுப் பழைய பதில் ஒன்று உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த ஏ. கே. எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று 1909-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

எண்களை வைத்துப் பார்க்கலாம். கணக்குக்காக, ஒரு சோதனைத் தடம் ஒரு பயணிக்கு 24 நொடி எடுக்கிறது என்று கொள்வோம். மணிக்கு 150 பேரைக் கையாளும். மணிக்கு 120 பேர் முன்பின்னாக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான். 135 பேர் வந்தால் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 144 பேர் வந்தால் ஏறக்குறைய பத்து நிமிடம். பயணிகள் கூடியது 20 சதவீதம், காத்திருப்பு கூடியதோ ஆறு மடங்கு. 150-ஐத் தாண்டிவிட்டால் வரிசை நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும்.

இதனால்தான் "நம் ஆட்கள் 96 சதவீதம் முழுமையாகப் பயன்படுத்தப்படுகிறார்கள்" என்று மார்தட்டும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விமான நிலையத்தில் கொஞ்சம் பேர் கொஞ்ச நேரம் சும்மா நிற்பது வீண் செலவு அல்ல.

இன்னொன்று, கூட்டத்தைப் பிரித்தாலும் ஆள் தேவை ஏறும். உள்நாட்டுப் போக்குவரத்து டி1, டி4 என்று இரண்டு முனையங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரே கூடத்தில் பத்துப் பேர் சமாளிக்கும் வேலையை இரண்டு கூடத்தில் ஐந்தைந்து பேரால் அதே மாதிரிச் சமாளிக்க முடியாது. இங்கே நெரிசலாக இருக்கும்போது அங்கே சும்மா இருப்பவர் நடந்து வந்து உதவ முடியாதல்லவா?

வரிசை நீளம் எரிச்சல்தான். ஆனால் ஆள் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பது மிகையில்லையா?

இல்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பகுதியைக் கவனித்தது சூரிச்சில் இருந்த கட்டுப்பாட்டு மையம். அன்றிரவு பணியில் இருவர். ஒருவர் ஓய்வறைக்குப் போயிருந்தார், அது அங்கே பல காலமாக நிர்வாகம் கண்டும் காணாமல் விட்ட வழக்கம். மீதி ஒருவர் இரண்டு திரைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே இரவில் பராமரிப்பு வேலைக்காக மோதல் எச்சரிக்கைக் கருவியின் ஒரு பகுதி முடக்கப்பட்டிருந்தது, முதன்மைத் தொலைபேசியும் இல்லை. தாமதமாக வந்த ஒரு மூன்றாவது விமானத்தை இறக்குவதில் அவர் மூழ்கியிருந்தபோது, மேலே இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கியது கண்ணில் படவில்லை. கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அவர் ஒரு விமானத்தைக் கீழே இறங்கச் சொல்ல, அதே விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது.

இந்த வழக்கில் 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ரோஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம். 'இரவில் போக்குவரத்து குறைவு, ஒருவர் போதும்' என்ற முடிவு மற்ற எல்லா இரவுகளிலும் சரியாகவே இருந்திருக்கும். கருவி பழுது, தாமத விமானம், இரண்டாவது திரை எல்லாம் ஒரே இரவில் சேர்ந்தபோது அந்த முடிவு தாங்கவில்லை.

நம் பக்கத்திலும் உண்டு. 2010 மே 22 காலை துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். இறக்கம் தவறாக அமைந்ததைத் தெரிந்தும் கைவிடாததுதான் காரணம் என்றது விசாரணை. வழியில் விமானி நெடுநேரம் தூங்கியதும், எழுந்த பிறகும் தூக்கக் கலக்கம் முழுதாகத் தெளியாததும் அதற்குத் துணைபோயின. இரவு முழுக்கப் பறந்து விடியற்காலையில் வந்து சேரும் அந்த மாதிரிப் பயணங்கள்தான் சென்னையிலும் தினமும் வந்திறங்குகின்றன.

தீயணைப்பு வண்டிகள் எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்கின்றன. அங்கே ஆள் குறைக்கலாமே?

ஓடுபாதையின் எந்த முனைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், முடிந்தால் 2 நிமிடத்துக்குள் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. சென்னையின் முதன்மை ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இதில் விமானத்தின் நீள அகலத்தைப் பொறுத்துத் தரவரிசையும் உண்டு. ஏர்பஸ் ஏ320 வந்தால் ஆறாம் தரம், இரண்டு வண்டி போதும். போயிங் 777 வந்தால் ஒன்பதாம் தரம், குறைந்தது மூன்று வண்டி. வண்டி இருந்து, அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் இல்லாவிட்டால் அந்த வண்டி கணக்கில் சேராது. தரம் இறங்கினால் எல்லா விமான நிறுவனங்களுக்கும் அறிவிக்க வேண்டும், பெரிய விமானங்கள் வருவதே கேள்விக்குறியாகும். ஆகவே நாலு தீயணைப்பு வீரர்கள் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தால் அது லண்டன் விமானத்தின் பிரச்சினையாக மாறலாம். அவர்கள் சும்மா நிற்கட்டும். சும்மா நிற்பதற்குத்தான் சம்பளம்.

சோர்வைத் தடுக்க விதி எதுவும் இல்லையா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. விமானிகளுக்கு விரிவாக உண்டு. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் ஒன்றிய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த புதிய பணிநேர விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை என்று நீண்டது. இரவு நேரத் தரையிறக்கம் இரண்டு மட்டும் என்று சுருங்கியது. விதி வருவது முன்பே தெரியும். இருந்தும் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனத்தின் அட்டவணைக்கும் விமானிகளின் எண்ணிக்கைக்கும் ஒத்துவராமல், சில நாள்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. சென்னை முனையத்தில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. டி.ஜி.சி.ஏ. விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தித்தான் நிலைமையைச் சமாளித்தது. திட்டமிடாதவருக்காக விதி வளைந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பணிநேர, ஓய்வு விதி உண்டு. ஆனால் ஆள் பற்றாக்குறையும் சோர்வும் அங்கே கவலைக்குரிய அளவில் இருப்பதாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. கண்காணிக்க வேண்டிய டி.ஜி.சி.ஏ.விலேயே ஏறக்குறைய பாதி இடங்கள் காலி என்றும் சொன்னது.

லோடர், டிராக்டர் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர்? அவர்களுக்கு விமானிக்கு உள்ளது போன்ற விரிவான விதி கிடையாது. பொதுவான தொழிலாளர் சட்டம்தான்: வாரம் 48 மணி நேரம், அதற்கு மேலே போனால் இரட்டிப்புக் கூலி. விமானத்தின் இறக்கைக்கடியில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சோர்வு விஷயத்தில் துணிக்கடை ஊழியருக்குள்ள பாதுகாப்புதான்.

டபுள் டியூட்டி நானே கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ் எல்லாம் இருக்கிறது. அதில் தப்பு என்ன?

உங்கள் மேல் தப்பில்லை, அண்ணே. அடிப்படைச் சம்பளம் போதாத இடத்தில் ஓ.டி. என்பது சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஆனால் உடம்பின் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான்.

இரவு 10 மணி ஷிஃப்டுக்கு வருகிறவர் பகல் 1 மணிக்குத் தூங்கி எழுந்தவர் என்று வைத்துக்கொள்வோம். விடிந்து 6 மணி ஆகும்போது 17 மணி நேரம் ஆகிவிட்டது. காலைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அப்புறம் காலை ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தால் பிற்பகல் 2 மணிக்கு 25 மணி நேரம். குடித்துவிட்டு வந்தவரை வாயில் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். இவரைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது.

சூப்பர்வைசருக்கு ஒரு வார்த்தை. டபுள் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டாவது பாதியில் அவரை டிராக்டரிலோ, முனையத்தை விமானத்தோடு இணைக்கும் ஏரோபிரிட்ஜிலோ போடாதீர்கள். பெட்டிகளைப் பிரிக்கும் இடத்தில் போடுங்கள். இன்னொருவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஷிஃப்ட் சுழற்சி எப்படி இருந்தால் நல்லது?

காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது உடம்புக்கு எளிது. இரவு, பிற்பகல், காலை என்று பின்னோக்கி வந்தால் தூக்கம் குலைந்துபோகும். தொடர்ந்து ஏழு நாள் நைட் போடுவதைவிட இரண்டு மூன்று நைட்டோடு நிறுத்தி வீக் ஆஃப் கொடுப்பது மேல். நைட் முடித்த காலையையே வீக் ஆஃப் என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது விடுமுறையே அல்ல, தூங்கி எழுந்தால் சாயங்காலம் ஆகிவிடும். இரவில் 20 நிமிடக் குட்டித் தூக்கத்துக்கு ஒரு அறையும் ஒரு ரிலீவரும் ஒதுக்குங்கள். சுவரோரம் சாய்ந்து கண் அசந்தவரைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள்.

ஆள் தட்டுப்பாடு என்றால் நாளைக்கே புது ஆளைச் சேர்த்துவிடலாமே?

முடியாது. விமான நிலையத்துக்குள் வேலை செய்ய, விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசு அமைப்பான பி.சி.ஏ.எஸ். வழங்கும் நுழைவு அனுமதி வேண்டும். அதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. விமானங்கள் நிற்கும் பகுதியில் வண்டி ஓட்டத் தனி ஓட்டுநர் அனுமதி. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார வேண்டியவர் என்றால் பிரயாக்ராஜ் போன்ற இடங்களில் உள்ள பயிற்சிக் கல்லூரி, அப்புறம் நிலையத்திலேயே நேரடிப் பயிற்சி, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தகுதி என்று நீண்டுகொண்டே போகும். இன்று தேர்வு எழுதுபவர் இந்த ஆண்டின் பற்றாக்குறைக்கு உதவ மாட்டார்.

2025 மே 15 அன்று துருக்கியைச் சேர்ந்த செலிபி என்ற தரைப் பணி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதி ஒரே நாளில் ரத்து செய்யப்பட்டது. சென்னை உட்பட 9 விமான நிலையங்களில் அது வேலை பார்த்துவந்தது. வேலை நிற்காமல் நடந்ததற்குக் காரணம், அந்த நிறுவனத்தின் ஆட்களையே வேறு நிறுவனங்களுக்கு மாற்றியதுதான். வெளியிலிருந்து புதியவர்களைக் கொண்டுவந்து அந்த இடங்களை நிரப்பியிருக்க முடியாது. சட்டைதான் மாறியது, கைகள் பழையவை.

பொங்கலுக்கு எல்லாரும் லீவு கேட்டால் என்ன செய்வது?

கேட்பார்கள். தீபாவளிக்கும் கேட்பார்கள். பயணிகள் அதிகம் வரும் நாளும் ஊழியர் ஊருக்குப் போக விரும்பும் நாளும் ஒன்றுதான். இரண்டு பண்டிகையில் ஒன்று நிச்சயம் என்று ஆண்டு தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் சண்டை பாதி குறையும். கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடும் ஊழியர்களோடு மாற்றிக்கொள்வது பழைய, நல்ல ஏற்பாடு. யாருக்கு எது என்பதைக் கடைசி வாரத்தில் முடிவு செய்யும் சூப்பர்வைசருக்கு, அன்று காலை நிறைய பாட்டிகள் காலமாகிவிடுவார்கள்.

பொங்கலைவிடப் போகி கஷ்டம். பழைய பாயும் டயரும் எரியும் புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடும். 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று ஆள் கணக்கு எப்படித் தப்பும் என்றால், அதிகாலையில் வந்தவர்கள் விமானமே இல்லாமல் காத்திருப்பார்கள். வெயில் ஏறிப் புகை கலைந்ததும் எல்லா விமானமும் சேர்ந்து வரும். அதற்குள் அவர்கள் ஷிஃப்ட் முடியும் நேரமாகியிருக்கும். போகியன்று காலை ஷிஃப்டில் ஒரு பகுதியினரை மூன்று மணி நேரம் தாமதமாக வரச் சொன்னால் போதும். நாள்காட்டியில் தேதி ஆண்டு முழுக்கத் தெரிந்தும் பலர் இதைச் செய்வதில்லை.

புயல், வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பரில் அடையாறு பெருகி நிலையம் சில நாள்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதை நீரில் நின்றது, மறுநாள் காலைதான் திறந்தது. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலுக்கும் மூடினார்கள்.

மூடுவது எளிது. திறக்கும் காலைதான் சோதனை. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், முடிச்சூர் பக்கம் ஊழியர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். ஓடுபாதை காய்ந்தாலும் அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். எனவே எச்சரிக்கை வந்தவுடன் ஒரு குழுவை உள்ளேயே தங்கவைக்க வேண்டும். படுக்கை, மாற்றுடை, சாப்பாடு, செல்போன் சார்ஜ் செய்ய வழி எல்லாம் வேண்டும். அவர்கள் புயல் நேரத்தில் தூங்க வேண்டும், வேலை செய்யக்கூடாது. திறந்தவுடன் வேலை செய்யப்போவது அவர்கள்தான். இன்னொரு குழு வீட்டிலேயே இருந்து, தண்ணீர் வடிந்ததும் இவர்களை விடுவிக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் புகுந்த ஊழியரை "ஏன் வரவில்லை" என்று மெமோ கொடுத்துக் கேட்கும் நிர்வாகத்துக்கு, அடுத்த புயலில் தொலைபேசியை எடுக்கவும் ஆள் இருக்காது.

காலை 4 மணி ஷிஃப்டுக்கு எப்படி வருவது?

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும், இரவு 11 மணிக்கு ஓய்ந்துவிடும். திரிசூலம் வழியாக மின்சார ரயில் இருந்தாலும் நள்ளிரவுக்குப் பின் இடைவெளி விழும். ஷிஃப்டை 4 மணிக்குப் பதில் ஐந்தே முக்காலுக்குத் தொடங்க முடியுமென்றால் மெட்ரோ கை கொடுக்கும். முடியாதென்றால் நிறுவனம் வண்டி விட வேண்டும், பெண்களுக்கு வீட்டு வாசல்வரை. தூக்கக் கலக்கத்தோடு ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வாகனத்தில் திரும்புகிறவரின் விபத்து விமான நிலையத்தின் கணக்கில் வராது. ஆனால் அது அந்த ரோஸ்டரின் விபத்துதான்.

முகத்தை வைத்து ஆளை உள்ளே விடும் டிஜி யாத்ரா, தானியங்கிக் கவுண்டர் எல்லாம் வந்துவிட்டதே, இனி ஆள் குறையுமா?

வாசலில் கொஞ்சம் குறையும். கூடவே முகம் பொருந்தாதவர், ஆப் திறக்காதவர், முதல்முறை பறக்கும் பெரியவர்களுக்கு உதவ ஆள் வேண்டும். இயந்திரம் பழுதானால் பழைய முறைக்கு உடனே மாற ஆள் வேண்டும். சுலபமான வேலை இயந்திரத்துக்குப் போய், சிக்கலானது மட்டும் மனிதருக்கு மிஞ்சும். ஆகவே எண்ணிக்கை குறைந்தாலும் பயிற்சிச் செலவு ஏறும். முனையத்தின் மேற்கூரைக் கண்ணாடி விழுந்ததை எண்ணிச் சிரித்துப் பழகிய ஊர் இது. புதுக் கருவி என்றதும் ஆளை அனுப்பிவிடும் அவசரம் வேண்டாம்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகப் பரந்தூர் வந்தால் வேலை பெருகுமா?

பெருகும், உடனே அல்ல. ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. நில எடுப்புக்கு எதிராக ஏகனாபுரம் மக்களின் போராட்டம் தொடர்கிறது. கட்டுமானத்துக்கும் ஆண்டுகள் ஆகும். வந்தால் மீனம்பாக்கத்தில் உள்ள அனுபவசாலிகள் இரண்டாகப் பிரிவார்கள். திறக்கும் நாளுக்குச் சில ஆண்டு முன்பே இரண்டு நிலையத்துக்குமான பயிற்சியைத் தொடங்காவிட்டால் இரண்டிலும் ஆள் இருக்காது.

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி., அல்லது அந்தப் பாடங்கள் ஏதாவதொரு பருவத்தில் வரும் பொறியியல் பட்டம். ஆணையம் நடத்தும் தேர்வு, குரல் சோதனை, போதைப்பொருள் சோதனை உண்டு. ஆங்கிலத்தில் பன்னாட்டு அளவுகோலின் நான்காம் நிலையாவது எட்ட வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் இதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. வேலையில் பேசும் வாக்கியங்கள் பெரும்பாலும் வரையறுத்தவை, பயிற்சியில் வந்துவிடும்.

"எனக்கு முடியவில்லை, தூக்கம் வருகிறது" என்று சொன்னால் வேலை போகுமா?

பயம் நியாயமானது, குறிப்பாக ஒப்பந்த ஊழியருக்கு. ஒவ்வொரு நிலையத்திலும் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஆபத்தைத் தானாக முன்வந்து சொல்பவரைத் தண்டிக்காமல் இருப்பது அதன் அடிப்படை. டி.ஜி.சி.ஏ.விடமே நேரடியாகத் தெரிவிக்கும் ஏற்பாடும் உண்டு. நடைமுறையில் சூப்பர்வைசரின் குணத்தைப் பொறுத்துத்தான் எல்லாம் அமைகிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

எழுதிக் கொடுப்பதென்றால் புகாராக எழுதாதீர்கள், தகவலாக எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், கடைசியாக எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தீர்கள், எத்தனையாவது தொடர் ஷிஃப்ட், அன்று அந்த வேலையில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள். யார் பேரும் வேண்டாம். இருவர் மூவர் சேர்ந்து ஒரே மாதத்தில் இதே போலக் கொடுத்தால், அடுத்த ஒப்பந்தக் கூட்டத்தில் அந்த 4.2-ஐப் பற்றிப் பேச யாருக்காவது கையில் தாள் இருக்கும்.